கற்பிக்கும் முறையும் மறைத்தற் றொழிலும்

சென்னை மாநகரின் மேற்பாலுள்ள பாடி என்னும் ஊர் திருமுறையில் திருவலிதாயம் என வழங்கும். திருஞானசம்பந்த சுவாமிகள் இத்தலத்திற்கு அருளிய பதிகம் முதற்றிருமுறையில் மூன்றாவதாக வைக்கப்பெற்றுள்ளது. பரத்துவாச முனிவர் வலியன் என்னும் பறவையுருக்கொண்டு வழிபட்டமையின் இப்பெயர் எய்திற்றென்பது தலவரலாறு. தேவகுருவாகிய வியாழபகவான் வழிபட்ட தலம் இதுவென்றுங் கூறுப. ஆகலின் வியாழக்கிழமைதோறும் அன்பர் திரள் மிகுதி. இக்காலத்தில் கோயிலைச் சூழ்ந்த ஊர் முழுவதும் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்துள்ளன. குரு வழிபட்டதெனப் போற்றப்பெறும் இவ்வூரிலே, கற்பித்தலைப் பற்றியதோர் ஐயம் எமக்குத் தோன்றிற்று. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வூரில் சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மாலையில் சித்தாந்த வகுப்பொன்றை யாம் நடத்தி வருகின்றோம். கேட்க வருவோர் பெரும்பாலும் பட்டறைகளில் உழைப்போரும், அவர்தம் மக்களும், கோயிலைச் சார்ந்து பிழைப்போரும் ஆவர். தொடக்கத்தில் யாம் சிவஞானபோதத்தையே கைக்கொண்டோம். மெய்கண்ட சாத்திரங்களுள் முதனூலாய் நிற்பது அதுவாகலின், முதலிற் கற்பிக்கத்தக்கதும் அதுவே என எண்ணினோம். முதற்சூத்திரத்தின் பொருள் முடிவதற்குள் வந்தவருட் பெரும்பாலார் நின்றுவிட்டனர். எஞ்சினோர் கைவிரலுள் அடங்கினர். அவருள்ளும் இருவர் எம்மிடத்துள்ள அன்பினால் வந்தாரேயன்றிப் பாடம் விளங்கி வந்தாரல்லர். கேட்போர் மீது குறை கூறி யாம் சில நாள் ஆறுதலுற்றோம். பின்னர் நின்று ஆராய்ந்தவழிக் குறை எம்முடையதே எனத் தெளிந்தது.

என்னை? சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரத்தால் ஆயது. அவற்றுள் முன்னாறு பொது; பின்னாறு உண்மை. மும்மூன்றாகப் பகுப்பின் பிரமாணவியல், இலக்கணவியல், சாதனவியல், பயனியல் என நான்கியலாம். முப்பொருளும் உள்ளனவென முதற்கண் நிறுவி, அவற்றின் இயல்பைப் பின்னர் வரையறுத்து, அதன்மேற் சாதனமும் பயனும் கூறுதலின், இவ்வைப்பு பிறிதொன்றால் அசைக்கப்படாத வைப்பாம். ஆயினும் இஃது ஐயமும் மறுப்பும் எழுப்புவானை நோக்கி ஒரு பொருளை நிறுவும் முறை. ஐயுறுதற்கு வேண்டிய அறிவும் இன்னும் பெறாதானை நோக்கிக் கற்பிக்கும் முறை வேறு. ஒரு நூலின் உள்ளே பொருள்கள் அமைந்த வைப்பையும், ஒருவன் உள்ளத்தே அப்பொருள்கள் சென்றேறும் வரிசையையும் ஒன்றெனக் கொண்டமையே யாம் செய்த பிழை. மாணாக்கன் ஏற்குமாற்றை அறிந்து கற்பித்தல் வேண்டுமென நன்னூலார் பொதுப்பாயிரத்துள் விதித்ததனை இளமையிலேயே மனனஞ்செய்திருந்தும், தேவைப்பட்ட பொழுது அஃது எமக்கு உதவிற்றில்லை.

ஆகவே மறுமுறை உண்மைவிளக்கத்தினின்றும் தொடங்கினோம். மனவாசகங் கடந்தார் அருளிய அந்நூல் மாணாக்கன் வினாவ ஆசிரியர் விடை கூறுவதாக அமைந்தது. அதன்கண் விடை பூதங்களினின்றும் தொடங்குகின்றது. நிலம் நாற்கோணம், நீர் பிறைவடிவம், தீ முக்கோணம், காற்று அறுகோணம், வான் வட்டம் என வடிவு கூறப்படுதலின், சிறுவரும் சுவடியில் வரைந்து காட்டினர். கண்ணாற் கண்ட மண்ணினின்றும் புறப்பட்டு, முப்பத்தாறு தத்துவங்களையும் கடந்து, ஆணவம் யாது, வினை யாது, யான் யார் என அவ்வினாக்கள் மேற்செல்லுந்தோறும், கேட்போர் தாமே அடுத்த வினாவை எதிர்நோக்கத் தலைப்பட்டனர். அதன்பின் திருவருட்பயனும், அதன்பின் சிவப்பிரகாசமும், அதன்பின் சித்தியார் சுபக்கமும், ஈற்றிற் சிவஞானபோதமும் என வரிசை வகுத்துக்கொண்டோம். இவ்வரிசை எம்மாற் புதிதாகக் கண்டதன்று. சிறுநூலினின்று பெருநூலுக்கு ஏறுதல் கற்றோர் மரபே. யாம் அதனை மறந்திருந்து மீண்டும் நினைந்தோம் என்பதே உண்மை.

அற்றேல், ஈண்டொரு தடை நிகழும். மேலான பொருளை அறிந்துவைத்தும் அதனைக் கூறாது கீழான பொருளைக் கூறுதல், கேட்பானை வஞ்சித்தல் ஆகாதோ? அருந்ததியைக் காட்டுவான் அதன் அருகுள்ள பெருமீனை முதலிற் காட்டி, கண் அதன்மேற் பதிந்த பின் இதுவன்று என விலக்கிச் சிறுமீனைக் காட்டும் நெறியைத் தூலாருந்ததி நியாயம் என்பர். முன்னர்க் காட்டியதைப் பின்னர் விலக்குதல் நேருமாயின், முன்னர்க் கூறியது பொய்யன்றோ? அன்றியும், இன்னது இவனுக்கு இப்பொழுது வேண்டா என அளந்து வைக்கும் உரிமையை ஆசிரியனுக்குத் தந்தவர் யார்? கற்பிக்கும் வரிசை வகுப்பார் ஒவ்வொருவரும், ஒன்றைத் தருதலோடு பலவற்றை மறைத்தலும் செய்கின்றனர். அம்மறைப்பு அறமாவது எவ்வாறு என்பதே எம்மை வருத்திய வினா.

இவ்வினாவை வகுப்பில் வெளிப்பட வைத்தபொழுது, பட்டறையொன்றிற் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து தம் தொழிலைப் பற்றிக் கூறியது எமக்கு வழி காட்டிற்று. "ஐயா, எங்கள் பட்டறையில் சேர்ந்த அன்றே ஒருவனை லேத்தில் நிறுத்தமாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து, நான்கு பக்கமும் சமமாகத் தேய் என்பார்கள். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் மீண்டும் தேய்க்கவேண்டும். அப்பொழுது சலிப்பாக இருந்தது. லேத்துக்குப் போன பிறகுதான், அளவு என்பது என்ன என்று கை கற்றுக்கொண்டது அந்த அரத்தில்தான் என்று தெரிந்தது" என்றார். யாம் மகிழ்ந்து, "தம்பி, நன்று சொன்னீர்" என்றோம். அவர் அமராமல், "இன்னொன்றும் இருக்கிறது, ஐயா. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். அவரிடம் என் கூட்டாளி ஒருவன் இரண்டு வருஷம் அரத்திலேயே கிடந்தான். அவன் கை எப்பொழுதோ பழகிவிட்டது. லேத்தின் நுட்பம் அவனுக்குத் தெரிந்தால் தமக்கு மதிப்புக் குறையும் என்று அவர் சொல்லித் தரவில்லை. கேட்டால், உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்பார்" என்றார். அவையிலிருந்தார் நகைத்தனர், எமக்கு நகை வந்திலது.

அவ்விளைஞர் கூறிய மறைப்பிரண்டும் சித்தாந்த நூல்களில் முன்னரே பெயர் பெற்றுள்ளன. இறைவன் ஐந்தொழில்களுள் மறைத்தல் ஒன்று. உயிர் வினைப்பயனில் அழுந்தி நுகர்ந்து பக்குவப்படும் வரையில் தன்னைக் காட்டாது நிற்பது திரோதான சத்தி. மலத்தைச் செலுத்தித் தொழிற்படுத்தலின் அதனையும் மலமென எண்ணும் வழக்கு உண்டேனும், உண்மையில் அஃது அருளே என்பது நூற்றுணிபு. மற்றோர் மறைப்பு ஆணவத்தினுடையது. அதுவும் உயிரின் அறிவை மறைக்கின்றது. மறைக்கப்படும் உயிரின் பக்கத்து நின்று காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஆணவம் மறைப்பது இருளில் வைத்தற்கே. திரோதானம் மறைப்பது இருள் கழிதற் பொருட்டு. ஆணவ மறைப்புத் தானாக ஒழியாது. திரோதானமோ மலம் பரிபாகமுற்றபொழுது தானே அருட்சத்தியாய் மாறி விளங்கும். ஆதலின் ஆசிரியன் ஒன்றை மறைக்குந்தோறும், தன் செயல் இவ்விரண்டனுள் எதன் பாற்படும் எனத் தன்னைத்தானே வினாவக் கடவன். அங்ஙனம் பகுத்தறிதற்குரிய அடையாளம் மூன்று எனக் கொண்டோம்.

முதலாவது, முன்னர்க் கற்பிக்கும் பாடம் தன்னளவில் மெய்யாயிருத்தல். பின்வரும் பாடம் அதனை விரித்தல் வேண்டுமேயன்றிப் பொய்ப்படுத்தலாகாது. இதற்கு ஆறுமுக நாவலர் வகுத்த முறை சிறந்த சான்று. 1822-ஆம் ஆண்டில் நல்லூரிற் றோன்றி 1879-ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அப்பெரியார், 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலும் 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். எழுத்தும் சிறுசொல்லும் முதலாகப் படிப்படியாக ஏறும் பாலபாடங்களை எண்ணிட்டு வெளியிட்டார். சமயக் கல்விக்கு அவர் செய்த சைவவினாவிடை இரண்டு புத்தகங்களையும் ஒப்பு நோக்குக. முதற்புத்தகம் கடவுளியல் எனத் தொடங்கும்; இரண்டாம் புத்தகம் பதியியல் எனத் தொடங்கிப் பசுவியல், பாசவியல் எனத் தொடரும். சிறுவனுக்குக் கடவுள் என ஒரு சொல்லாற் கூறியது, வளர்ந்தவனுக்கு முப்பொருளியல்பாக விரிந்தது. திருநீறும் சிவாலய தரிசனமும் இரண்டிலும் உள்ளன. இரண்டாவதில் விரிவு மிகும். முதற்புத்தகத்துள் ஒரு விடையேனும் இரண்டாவதில் விலக்கப்பட்டிலது. ஆகலின் தூலாருந்ததி நியாயத்தையும் நாம் இங்ஙனமே கொள்ளல் வேண்டும். பெருமீனைக் காட்டி இதுவே அருந்ததி என்பது பொய். பெருமீனைக் காட்டி இதன் அருகே நோக்குக என்பது மெய். இரண்டும் கண்ணை ஒரு திசைக்கே திருப்பும். எனினும் நல்லாசிரியன் பின்னதையே கூறுவன்.

இரண்டாவது, மறைப்பு நீங்குதற்கு மறைத்தவனே முயலுதல். பழைய திண்ணைப் பள்ளிகளில் ஒருவன் மணலில் எழுத்துப் பயில, அவன் அருகிருப்பான் எண்சுவடி கூறுவான். மூத்தோனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். வயது பற்றி அன்றிப் பயிற்சி பற்றியே அடுத்த சுவடிக்கு ஏறுதல் நிகழ்ந்தது. 1826-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி, இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றுள் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அதற்கு முன்னரே எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆந்திரு பெல் என்பார், மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் இந்நாட்டுப் பள்ளியிற் கண்டு கைக்கொண்டு, 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை எனப் பெயர் பெற்று மேனாட்டிற் பரவிற்று. இச்சிறப்பினைக் கூறும் நாம் அதன் குறையையும் மறைத்தலாகாது. பொருளறியாது ஒப்பித்தல் அங்கே மிகுதி. பெண்மக்கள் மிகச் சிலரே. சாதி பற்றித் திண்ணையேறப் பெறாதார் பலர். உள்ளே வந்தவனுக்கு முறை நன்றாயிருந்தது. வெளியே நின்றானுக்கு அம்முறை மறைப்பாகவே முடிந்தது.

இக்காலத்தும் இதனை ஒப்பதொரு முயற்சி காண்கின்றோம். பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் நேர்ந்த கற்றற்குறையைத் தீர்க்கும்பொருட்டு, 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தை முதல் மூன்று வகுப்புக்களிலும் தொடங்கிற்று. அதன்கண் குழந்தைகள் தத்தம் பயிற்சிக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகக் கொள்ளப்படுகின்றனர். சரியை முதலிய நான்கினையும் தாயுமான சுவாமிகள் அரும்பு முதற் கனியீறாக உவமித்தமையை அறிந்த சைவர்க்கு இப்பெயர்கள் இனியனவாம். ஆயினும் அரும்பு என்பது நாளை மொட்டாதற்குரிய நிலையின் பெயர். அது குழந்தையின் பெயராய் நிலைத்துவிடுமாயின் அருள் ஆணவமாய்த் திரிந்ததென்க. அரும்பை மலர்விப்பதற்கு இன்று யாது செய்தோம் என நாள்தோறும் வினாவும் ஆசிரியனிடத்தே அப்பெயர் பொருந்தும். பெயரிட்டு அமைந்திருப்பானிடத்தே பொருந்தாது. மலம் பரிபாகமுறுந்துணையும் இறைவன் வாளா இருப்பவனல்லன். உடலும் கருவியும் உலகமும் போகமும் தந்து பக்குவத்தை விளைவிக்கின்றான் என்பதன்றோ நம் நூற்கொள்கை?

மூன்றாவது, மறைத்தல் யார் பொருட்டு என்பது. கேட்போன் பொருட்டாயின் அறம். கூறுவோன் பொருட்டாயின் ஆணவம். இவ்வடையாளம் கூறுதற்கு எளிது. தன்னிடத்தே வைத்துக் காண்டல் அரிது. என்னை? தன் மதிப்பின் பொருட்டு மறைப்பானும், தன் அறியாமையை மறைக்கும் பொருட்டு மறைப்பானும், கேட்போன் நன்மையையே காரணமாகக் கூறுவர். பக்குவமில்லை என்னும் சொல் அவர்க்கு எப்பொழுதும் கைவந்து உதவும். இதற்கு எம்மையே சான்றாக வைத்துக் கூறுகின்றோம்.

திருவலிதாயக் கோயில் வாயிலிற் பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் எம் வகுப்பிற்குச் சில வாரம் வந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் அறிந்தவர். ஆணவமலம் உயிரோடு அனாதியே உள்ளது என யாம் கூறியபொழுது அவர், "ஐயா, சாமிக்கு இரக்கம் உண்டு என்கிறீர்கள். இந்த அழுக்கு எங்கள்மேல் ஒட்டும்போது அவர் எங்கே போயிருந்தார்?" என்று வினாவினார். "அது பின்னால் வரும் பாடம், அம்மா; அதற்கு இன்னும் படி ஏறவேண்டும்" என்றோம். வரிசை கெடாமற் காத்தோம் என்பதே அன்று எம் எண்ணம். உண்மை அதுவன்று. சகசம், ஆகந்துகம் முதலிய நூற்சொற்களை ஒழித்து அதனை விளக்க எமக்கு அப்பொழுது தெரியவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அவ்வம்மையார் வந்திலர்.

சில திங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை கோயில் வாயிலில் எம்மைக் கண்டு, கையில் நாரும் பூவுமாக இருந்தபடியே, "ஐயா, பாடம் அந்த இடத்துக்கு வந்துவிட்டதா?" என்றார். அச்சொல்லில் ஏளனம் சிறிதும் இல்லை. அதனாலேயே எமக்கு நாணம் மிகுந்தது. அவர் அருகே படியிலமர்ந்து, "அம்மா, அழுக்கு ஒரு நாளில் வந்து ஒட்டியதன்று. நெல் என்று உண்டோ அன்றே உமியும் உண்டு. உமியை உழவன் கொண்டுவந்து பூசவில்லை. அதனை நீக்குவதே அவன் செயல்" என்றோம். அவர் சிறிது நேரம் கைத்தொழிலை நிறுத்திவிட்டு, "அப்படியானால் நாங்கள் படுகிற பாடெல்லாம் உலக்கை இடி என்று சொல்லுங்கள்" என்றார். வினைநுகர்ச்சியால் மலம் பக்குவமுறும் என்பதனை யாம் பல ஆண்டு நூல்களிற் கற்றோம். அவர் அதனை ஒரு முழம் பூத் தொடுக்கும் பொழுதிற்குள் தாமே சென்று தொட்டார். அன்று பக்குவமின்றி இருந்தவர் யாமேயன்றி அவரல்லர்.

அங்ஙனமாயின் வரிசையே வேண்டா என்பது கருத்தோ எனின், அன்று. அவ்வம்மையார்க்கு அன்று யாம் சிவஞான முனிவரின் மாபாடியத்தை விரித்திருப்பின் அதுவும் மறைப்பாகவே முடிந்திருக்கும். ஏலாத பொருளைப் பொழிதலும் இருளில் வைத்தலே. முறை வேண்டும். ஆயின் முறையென்பது இன்ன பொருள் முன், இன்ன பொருள் பின் எனப் பொருள்களை வேலியிட்டுப் பிரித்தலன்று. ஒரே பொருளை இவன் எவ்வளவு ஆழத்தில் இன்று ஏற்பான் என அளத்தலே முறை. நாவலரின் முதற்புத்தகத்தும் இரண்டாம் புத்தகத்தும் ஒரே பொருள்கள் மீண்டும் வருதலின் காரணம் இதுவே. எந்தப் படியில் நிற்பான் எந்த வினாவை எழுப்பினும், அப்படிக்குரிய மெய்யான விடை ஒன்று உண்டு. அதனைத் தேடிக் காணுதல் ஆசிரியன் கடன். தேடியும் காணானாயின், எனக்கு விளங்கவில்லை, அடுத்த வாரம் கூறுவேன் என ஒப்புக்கொள்ளுதல் அவனுக்கு இழுக்கன்று. உனக்குப் பக்குவமில்லை எனக் கூறிவிடுதலே இழுக்கு.

இப்பொழுது எம் வகுப்பின் பாடவரிசையில், அவ்வம்மையார் எழுப்பிய வினாவைத் தொடக்கத்திலேயே, நெல்லும் உமியும் என்னும் உவமையளவில் வைத்திருக்கின்றோம். திருவருட்பயனில் இருண்மல நிலை கற்பிக்கும்பொழுது அது மீண்டும் வரும். சித்தியாரிலும் போதத்திலும் பின்னும் வரும். அவ்வம்மையார் மாலைப்பூ விற்று முடிந்த நாள்களில் வந்து பின்வரிசையில் அமர்கின்றார். மடாலயங்களிலும் பாடசாலைகளிலும் கற்பிக்குந் தொழிலுடைய பெரியோர் எம் கருத்திற் குற்றங் காணின் திருத்தியருளுவாராக. யாம் வேண்டுவது ஒன்றே: நாம் வகுத்த படிகளில் எவரேனும் நெடுங்காலம் ஒரே படியில் நிற்கக் காணின், அவர் காலை நோக்குமுன் நம் கையை நோக்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.